மீட்கப் போனவரை யார் மீட்பது?

கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டை ஆடியவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் இந்த நிலைக்கு வந்திருப்பார்கள். சந்திரனில் இறங்கிய ஒருவர் திரும்ப எரிபொருள் இல்லாமல் நின்றுவிடுகிறார். அவரைக் கூட்டிவர இன்னொரு கலம் போகிறது. அதுவும் அங்கேயே நின்றுவிடுகிறது. இப்போது மீட்க வேண்டியவர்கள் இரண்டு பேர். அவசரப்பட்டு மூன்றாவது கலத்தை அனுப்பினால் மூன்று பேர். பலர் இந்த இடத்தில் விளையாட்டை மூடிவைத்துவிடுவார்கள். மூடாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு பயணமும் எந்த இடத்தில் முறிந்தது என்று பார்ப்பவருக்கு விண்பயணத்தின் அடிப்படை விதிகள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல துணைப்பாடம் எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்தத் தோல்விகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து விளக்குகிறேன்.

மெக்சிக்கோ நகரிலிருந்த ஸ்குவாட் நிறுவனத்தில் பெலிப்பே பலாங்கே என்பவர் தொடங்கிய இந்த விளையாட்டு 2011 ஜூனில் முதன்முதலாக வெளியானது; முழுப் பதிப்பு 2015 ஏப்ரலில் வந்தது. கேர்பல்கள் எனப்படும் பச்சை நிறத்துச் சிறிய மனிதர்கள் வாழும் கேர்பின் என்ற கோளிலிருந்து ரொக்கெட்டுகளைக் கட்டி ஏவுவதுதான் ஆட்டம். கேர்பினின் ஆரை 600 கிலோமீற்றர், அதாவது பூமியின் ஆரையில் ஏறக்குறைய பத்திலொன்று. ஆனால் தரையில் ஈர்ப்பு பூமியில் உள்ள அளவுதான். காற்று மண்டலம் 70 கிலோமீற்றரில் முடிகிறது. அதன் பெரிய சந்திரனின் பெயர் மன். ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் எடுப்பது போன்ற சில எளிமைப்படுத்தல்கள் இருந்தாலும், கலங்கள் நகர்வது நியூற்றனின் விதிப்படிதான். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, சுற்றுப்பாதையில் தனியே மாட்டிக்கொண்ட ஒருவரை மீட்டுவரும் ஒப்பந்தங்கள் வரத் தொடங்கிவிடும். தோல்விகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

நேரே ஓடினால் பின்தங்குவோம்

பாக்குநீரிணையில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் நின்றுவிட்டால், உதவிக்குப் போகிறவர் தன் வள்ளத்தின் அணியத்தை அதை நோக்கித் திருப்புவார். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கொஞ்சம் இடம்விட்டு ஓட்டினால் கிட்டப்போய்ச் சேரலாம். கயிற்றை எறிந்து கட்டியிழுத்து வரலாம். கடலோரத்தில் வளர்ந்த எங்களுக்கு மீட்பு என்றால் மனதில் வருவது இந்தக் காட்சிதான். விண்வெளியில் முதல் தோல்வியைத் தருவதும் இதே பழக்கம்தான்.

கேர்பினுக்கு மேலே 100 கிலோமீற்றரில் ஒருவர் சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் வேகம் செக்கனுக்கு 2,246 மீற்றர். ஒரு சுற்றுக்கு 1,958 செக்கன், அதாவது 33 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மீட்புக் கலம் அதே பாதையில் அவருக்குப் பின்னால் வருகிறது. அவரை நோக்கி எஞ்சினை எரித்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் பாதையின் மறுபக்கம் மேலெழும். பாதை பெரிதானால் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரமும் கூடும். எரித்தவுடன் நெருங்குவதுபோலத் தெரிந்தாலும், ஒரு சுற்று முடியும்போது முன்பைவிடப் பின்னால் நிற்போம். மறுபடி எரித்தால் இன்னும் பின்னால்.

வழி இதற்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். 80 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு சுற்று 1,875 செக்கனில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் 83 செக்கன் மிச்சம். தூரத்தில் சொன்னால் சுற்றுக்கு ஏறத்தாழ 186 கிலோமீற்றர் நெருங்குகிறோம். சரியான தருணம் வரும்வரை கீழே சுற்றிக் காத்திருந்து, பிறகு மேலே ஏறினால் சந்திப்பு நடக்கும். வேகத்தைக் குறைப்பவர் முந்துகிறார் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்து மனனம் செய்யலாம். எரிபொருள் முள் இறங்க இறங்க இலக்கு தூரப்போவதைப் பார்த்தவருக்கு மனனம் செய்ய வேண்டிய தேவையே வராது.

இந்தத் தவறைச் செய்தவர்கள் விளையாட்டுக்காரர்கள் மட்டும் அல்லர். 1965 ஜூன் 3 அன்று ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மக்டிவிட், தங்களை ஏற்றிவந்த டைட்டன் ரொக்கெட்டின் கழன்ற மேற்பகுதியை நெருங்க முயன்றார். அது கண்ணுக்குத் தெரிந்தது. அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார், அது விலகிப்போனது. எரிபொருள் வேகமாகக் கரையவே முயற்சி கைவிடப்பட்டது. சுற்றுப்பாதைச் சந்திப்பைப் பற்றி பஸ் ஓல்ட்ரின் எம்.ஐ.டி.யில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்தது 1963இல். அறிவு ஏட்டில் இருந்தும், அது விமானியின் கைக்கு வந்துசேர அந்தத் தோல்வி தேவைப்பட்டது. ஆறு மாதம் கழித்து, 1965 டிசம்பர் 15 அன்று, ஜெமினி 6-ஏ கலம் கீழ்ப்பாதையிலிருந்து படிப்படியாக ஏறிவந்து ஜெமினி 7ஐச் சந்தித்தது. இரண்டும் 30 சென்ரிமீற்றர் இடைவெளிவரை நெருங்கின.

கிட்டப்போவதும் சேர்வதும்

இரண்டாவது தோல்வி இன்னும் கசப்பானது. கணக்கெல்லாம் சரியாக வந்து, மாட்டிக்கொண்டவரிடம் போய்ச் சேருகிறோம். ஆனால் சேரும்போது செக்கனுக்குப் பல நூறு மீற்றர் வேகத்தில் அவரைக் கடந்து பறந்துவிடுகிறோம். திரையில் தூரம் 300 மீற்றர் என்று ஒரு கணம் தெரியும்; அடுத்த மூச்சில் பத்துக் கிலோமீற்றர்.

இங்கே தேவைப்படுவது சார்பு வேகம். உயர்தர மாணவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள். ஒரு கப்பல் இன்னொன்றை மறிக்கும் கணக்கிலும், ஆற்றுக்குக் குறுக்கே படகு போகும் கணக்கிலும் அவர்கள் வரையும் வேக முக்கோணி இதுதான். விளையாட்டுத் திரையின் அடியில் நடுவில் திசை காட்டும் உருண்டை ஒன்று இருக்கிறது. அதன் மேல் வேகம் எழுதிய சிறு கட்டம். அதைச் சொடுக்கினால் தரை, சுற்றுப்பாதை, இலக்கு என்று வேகத்தை அளக்கும் ஆதாரம் மாறும். இலக்கு என்று மாற்றிய கணத்தில் 2,246 என்றிருந்த எண் 140 என்றோ 90 என்றோ சுருங்கிவிடும். எங்கள் வேகத்திலிருந்து அவரது வேகத்தைக் காவி முறையில் கழித்த மிச்சம் அது. உருண்டையில் மஞ்சள்-பச்சை நிறத்தில் தெரியும் எதிர்வேகக் குறியை நோக்கி மூக்கைத் திருப்பி, அந்த எண் பூச்சியமாகும்வரை எரித்தால் இரண்டு கலங்களும் ஒன்றுக்கொன்று அசையாமல் நிற்கும். எதை வைத்து அளக்கிறோம் என்பதை மாற்றினால் ஒரு சிக்கல் எவ்வளவு சிறிதாகும் என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இந்தியாவின் ஸ்பேடெக்ஸ் பரிசோதனை இந்தப் பாடத்தை அண்மையில் உலகறியக் காட்டியது. தலா 220 கிலோகிராம் எடையுள்ள இரண்டு செய்மதிகள் 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. அவற்றை 2025 ஜனவரி 7 அன்று இணைப்பதாக இருந்தது. அது 9ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. நெருங்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக விலகல் ஏற்பட்டதால் மறுபடியும் தள்ளிப்போனது. 12ஆம் தேதி மூன்று மீற்றர்வரை நெருங்கிப் பார்த்துவிட்டு, செய்மதிகளைப் பாதுகாப்பான தூரத்துக்கு விலக்கித் தரவுகளை ஆராய்ந்தார்கள். 16ஆம் தேதி இணைப்பு நடந்தது. மூன்று மீற்றர்வரை வந்தபின் பின்வாங்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்தப் பின்வாங்கலைத் தோல்வி என்று எழுதியவர்களும் இருந்தார்கள். நான்கு நாளில் வந்த வெற்றிக்கு அடித்தளம் அதுவே.

எங்களைச் சுற்றிப் போகும் ரொக்கெட்

மூன்றாவது தோல்விக்குக் காரணம் சாய்வு. மீட்கப்பட வேண்டியவர் மத்திய கோட்டுக்கு 10 பாகை சாய்ந்த தளத்தில் சுற்றுகிறார். மீட்புக் கலம் சாய்வில்லாத தளத்தில் ஏவப்பட்டுவிட்டது. உயரம் ஒன்று, வேகமும் ஒன்று. ஆனாலும் இரண்டு பாதைகளும் வெட்டும் இடத்தில் சார்பு வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 390 மீற்றர். தளத்தைத் திருப்ப வேண்டுமானால் அந்த 390ஐயும் எரிபொருளாகச் செலுத்த வேண்டும். கேர்பினின் தரையிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏறவே ஏறத்தாழ 3,400தான் தேவை என்பதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவின் பாரம் விளங்கும். பூமியில் செக்கனுக்கு 7,600 மீற்றரில் பறக்கும் செய்மதிக்கு அதே 10 பாகைத் திருப்பம் 1,300 மீற்றருக்கு மேல் கேட்கும். வேகம் கூடக்கூடத் திருப்பத்தின் விலையும் கூடுகிறது.

இந்த விதி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவும் பருத்தித்துறையும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், கிழக்கு 80.2 பாகையில், இருக்கின்றன. ஏவுதளத்திலிருந்து நேர்தெற்கே கோடு இழுத்தால் சுமார் 430 கிலோமீற்றரில் அது எங்கள் கரையைத் தொடும். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதிகளை ஏற்றிவரும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் தெற்கு நோக்கியே போக வேண்டும். ஆனால் மக்கள் வாழும் தீவுக்கு மேலாகப் பறந்தால் கழன்றுவிழும் பாகங்கள் ஆபத்தாகும். ஆகவே அது முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேல் போய், பறக்கும்போதே வளைந்து தன் தளத்துக்குத் திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது; ஏற்றக்கூடிய சுமை குறைகிறது. பெரிய ரொக்கெட் தாங்கிக்கொள்ளும், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ரொக்கெட்டுக்கு இது பெரிய இழப்பு. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதற்கு முக்கிய காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே திறந்த கடல். பருத்தித்துறையில் வடக்குப் பார்த்து நிற்கும் ஒரு பிள்ளை, தான் நிற்கும் நிலம் ஒரு நாட்டின் ரொக்கெட்டுகளை வளைத்துவிடுகிறது என்று தெரிந்துகொண்டால், சுற்றுப்பாதைத் தளம் என்பதை வெறும் வரைபடமாக இனிப் பார்க்காது.

விளையாட்டில் இந்தத் தோல்விக்கு மருந்து பொறுமை. மாட்டிக்கொண்டவரின் தளம் ஏவுதளத்துக்கு மேலே வரும் நேரம்வரை காத்திருந்து, அவரது சாய்வுக்கு ஏற்ற திசையில் ஏவினால் திருப்பச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போகும்.

திரும்பிவரும் கணக்கு

நான்காவது தோல்விதான் தலைப்பில் கேட்ட கேள்வியை எழுப்புகிறது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

விண்கலத்தின் எரிபொருளை லீற்றரில் எண்ணுவதைவிட, அது தரக்கூடிய வேகமாற்றத்தில் எண்ணுவதே பயன்படும். 1903இல் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு அதைத் தருகிறது: எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகத்தை, நிறைந்த திணிவுக்கும் வெறும் திணிவுக்கும் உள்ள விகிதத்தின் இயற்கை மடக்கையால் பெருக்க வேண்டும். விளையாட்டில் பலரும் பயன்படுத்தும் ரெறியர் எஞ்சினை எடுப்போம். வாயு வெளியேறும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3,384 மீற்றர். வெறுங்கலம் 2 தொன், எரிபொருள் 2 தொன் என்றால் கிடைப்பது 2,346. எரிபொருளை 4 தொன் ஆக்கினால் 3,718. 6 தொன் ஆக்கினால் 4,691. முதல் 2 தொன் 2,346 தந்தது, அடுத்த 2 தொன் 1,372, அதற்கடுத்தது 973. இதில் தாங்கிகளின் எடையை விட்டுவிட்டேன். அதையும் சேர்த்தால் இன்னும் குறையும். எரிபொருளை ஏற்றிக்கொண்டே போனால் எல்லாம் சரியாகும் என்ற நினைப்பு இங்கே உடைகிறது.

இனி மன் சந்திரனின் தரையில் நிற்பவரை மீட்கப் போவோம். கேர்பினைச் சுற்றும் பாதையிலிருந்து புறப்பட 860. மன்னைச் சுற்றும் பாதையில் நிலைகொள்ள 310. தரையிறங்க 580. திரும்ப மேலேற 580. வீட்டுக்குத் திரும்ப 310. கேர்பினை அடைந்தபின் காற்று மண்டலமே வேகத்தைக் குறைத்துத் தரும். கூட்டினால் 2,640. கையில் இருப்பதோ 2,346. புதியவர் இந்தக் கூட்டலைச் செய்யாமல் புறப்படுகிறார். போகிறார், நிலைகொள்கிறார், இறங்குகிறார், நண்பரை ஏற்றிக்கொள்கிறார், மேலேறுகிறார். இதுவரை 2,330 செலவு. மிச்சம் 16. வீட்டுக்கு 310 வேண்டும்.

இந்தக் கணத்தில் பெரும்பாலானவர்கள் பழைய நிலைக்குத் திருப்பிவிடும் விசையை அழுத்திவிடுவார்கள். அழுத்தாமல் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். இரண்டு பேர் மாட்டிக்கொண்டது உண்மை. ஆனால் முன்பு மீட்பதற்கு 2,640 தேவைப்பட்டது. இப்போது அவர்கள் தரையில் இல்லை, சுற்றுப்பாதையில் இருக்கிறார்கள். அடுத்த கலம் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்: 860, 310, 310 என்று 1,480 போதும். தோற்ற பயணம் மிகக் கடினமான பகுதியைச் செய்து முடித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறது. அதே விமானி பதற்றத்தில் இறங்கும்போது எரிபொருளைக் கூடுதலாகக் கொட்டித் தரையிலேயே நின்றிருந்தால் இந்த நன்மை கிடைத்திராது. முயற்சி முறியப்போகிறது என்று தெரிந்தபின்னும், எந்த இடத்தில் முறியலாம் என்பதை நாம் தெரிவுசெய்ய முடிகிறது. இந்த விளையாட்டு கற்றுத்தரும் பாடங்களில் ஆழமானது என்று நான் கருதுவது இதைத்தான்.

வெற்று இருக்கை

ஐந்தாவது தோல்வியில் பௌதிகவியல் இல்லை, மறதிதான் இருக்கிறது. ஒருவர் மட்டும் அமரும் கலத்தில் விமானியை ஏற்றி அனுப்பிவிடுகிறோம். சந்திப்பு அழகாக முடிகிறது. மாட்டிக்கொண்டவர் வெளியே வந்து கதவடிக்கு மிதந்து வருகிறார். உள்ளே இடமில்லை.

உண்மை உலகில் இதை முன்கூட்டியே எண்ணியிருக்கிறார்கள். 1973இல் ஸ்கைலாப் நிலையத்துக்குப் போன இரண்டாவது குழுவின் கலத்தில் உந்துகருவிகள் கசிந்தபோது, நாசா ஒரு மீட்புக் கலத்தை ஆயத்தமாக்கியது. மூவர் அமரும் அப்பலோ கலத்தில் ஐந்து இருக்கைகள்: இருவர் போய், மூவரோடு திரும்பும் ஏற்பாடு. கடைசியில் அது தேவைப்படவில்லை. குழு தன் கலத்திலேயே திரும்பியது. 2024 ஜூனில் சில நாள் பயணமாகப் போன சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் ஸ்டார்லைனரின் கோளாறு காரணமாக விண்வெளி நிலையத்திலேயே வைத்துக்கொண்டு, அந்தக் கலத்தை ஆளில்லாமல் திருப்பி அழைத்தார்கள். செப்டெம்பரில் புறப்பட்ட குரூ-9 கலம் நால்வருக்குப் பதில் இருவரோடு போனது. இரண்டு இருக்கைகளை வெறுமையாக வைப்பதற்காகப் பயிற்சி பெற்ற இருவர் தரையில் நின்றார்கள். 2025 மார்ச் 18 அன்று அந்த இருக்கைகளில் சுனிதாவும் வில்மோரும் வீடு வந்தார்கள்.

தோல்வியைப் படிக்கும் முறை

தோற்பதால் மட்டும் யாரும் கற்றுவிடுவதில்லை. விளையாட்டைப் படிப்பாக்க வேண்டுமானால் மூன்று பழக்கங்கள் தேவை. முதலாவது, முறிந்த பயணத்தை உடனே அழித்துவிடாமல் அது நிற்கும் நிலையை எழுதிவைப்பது: எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகமாற்றம் மிச்சம், எவ்வளவு குறைந்தது. 16 மிச்சம், 310 தேவை என்ற இரண்டு எண்களும் அடுத்த கலத்தின் வடிவத்தைச் சொல்லிவிடும். இரண்டாவது, அடுத்த முயற்சியில் ஒன்றை மட்டும் மாற்றுவது. எஞ்சினையும் தாங்கியையும் பாதையையும் ஒன்றாக மாற்றி வென்றால், எது வெல்லவைத்தது என்று தெரியாமலே போகும். மூன்றாவது, புறப்படுமுன் பயணத்தைக் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிக் கணக்கிடுவது: தரையிறங்கும் குடை, திரும்பும் 310, மேலேறும் 580, பிறகுதான் போகும் வழி.

உண்மை உலகம் இதே பழக்கங்களை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏழு பேரோடு சிதைந்தது. விசாரணைக் குழு, சேதம் நேரத்தோடு தெரிந்திருந்தால் அற்லாண்டிஸ் விண்ணோடத்தை அனுப்பி அவர்களை மீட்டிருக்க முடியுமா என்பதையும் ஆராய்ந்தது. கடினம், ஆனால் முயன்றிருக்கக்கூடியது என்று கண்டது. நடக்காத ஒரு மீட்பைப் படித்ததிலிருந்து ஒரு நடைமுறை பிறந்தது. 2009 மே மாதம் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க அற்லாண்டிஸ் புறப்பட்டபோது, எண்டெவர் விண்ணோடம் மீட்புக்கு ஆயத்தமாக இன்னொரு ஏவுமேடையில் நின்றது.

விளையாட்டுக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கேர்பல்களுக்கு உணவும் ஒட்சிசனும் தேவையில்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். மனிதருக்கு மூச்சு எண்ணப்பட்டிருக்கிறது. ஆகையால் ஒரே முடிவு ஓரிடத்தில் புத்திசாலித்தனமாகவும் இன்னோரிடத்தில் குற்றமாகவும் ஆகலாம்.

இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலைக் கணினி அறையில் ஒரேயொரு திரை இருந்தாலும் போதும். விளையாட்டு தமிழில் இல்லை என்பது பெரிய தடையல்ல. எண்கள் எல்லோருக்கும் பொது. மேலே சொன்ன மன் பயணத்தை, கலம் சந்திரனைச் சுற்றத் தொடங்கிய இடத்தில் நிறுத்துங்கள். செலவானது 1,170, மிச்சம் 1,176. இறங்கி ஏற 1,160 வேண்டும். வீட்டுக்கு 310 வேண்டும். இரண்டும் சேர்ந்து முடியாது. இறங்காமல் திரும்பினால் விமானி தப்புவார், நண்பர் தரையிலேயே நிற்பார். இறங்கி ஏறினால் இருவரும் மேலே காத்திருப்பார்கள், அடுத்த மீட்பு எளிதாகும். காத்திருக்கும் காலத்துக்கு எல்லை இல்லையென்றால் நான் இறங்கச் சொல்வேன். மூச்சுக்கு எல்லை உண்டென்றால், அடுத்த கலம் ஏவுமேடையில் ஆயத்தமாக நின்றால் மட்டுமே இறங்கச் சொல்வேன். உங்கள் மாணவர்கள் வேறு விடை சொல்லக்கூடும். காரணத்தை எண்களோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு, அந்த விமானி இந்தத் தெரிவுக்குள் வராமலே இருக்க எந்த நாளில், எந்தக் கணக்கைச் செய்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். 2,346இல் 2,640 அடங்காது என்பதை ஏவும் முன்பே ஒரு தாளில் பார்த்திருக்கலாம் என்று அவர்களே சொல்லிவிட்டால், அன்றைய பாடம் முடிந்தது.